தோணியில் ஆள் ஏறிய பிறகு: 37 ஃபிஜி உறைகளைச் சரிசெய்த கதை

போன ஆகஸ்டில் ஒரு பழைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதிலிருந்து 37 உறைகளை 6,500 ரூபாய்க்கு எடுத்தேன். எல்லாமே ஃபிஜித் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தபாலில் போனவை. பக்கத்தில் நின்ற நண்பர் ஒருவர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்ப் எல்லாம் சாதா சரக்குப்பா, எதுக்கு இதுக்கு இவ்வளவு குடுக்கற?" என்று கேட்டார். ஸ்டாம்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டாம்பின் மேல் விழுந்திருந்த கறுப்பு வட்டங்களை.

இந்த உறைகளில் இருக்கிற ஸ்டாம்புகள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் முத்திரையைப் போட்டது சுவாவிலோ லெவுகாவிலோ ஒரு கரும்பு ஊரிலோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர். எந்த ஊர், எந்த நாள் என்று அது சொல்லும். ஸ்டாம்பை உறையிலிருந்து கழற்றிவிட்டால் அந்தத் தகவலில் பாதி போய்விடும். அதனால்தான் நான் முழு உறையாகத்தான் வாங்குகிறேன். வெட்டிய துண்டுகளை வாங்குவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்ததும் முதல் பிரச்சினை தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் உறைகளைப் போட்டோ ஆல்பத்தில் வைத்திருந்தார். கல்யாணப் படங்களுக்கு வாங்குவோமே, அட்டையில் கோடு கோடாகப் பசையும் மேலே மூடுகிற பிளாஸ்டிக் தாளுமாக இருக்குமே, அந்த வகை ஆல்பம். போட்டோவுக்கே அது நல்லதில்லை. எண்பது வயதான உறைக்குக் கேட்கவே வேண்டாம். பசை பழுப்பாகி, காகிதத்தின் முதுகில் வரிவரியாக ஏறியிருந்தது. சில உறைகள் இழுத்தால் கிழிந்துவிடும் அளவுக்கு இறுகியிருந்தன.

முதல் வாரம் முழுக்கப் பிரித்தெடுக்கும் வேலைதான். பல் இடுக்கில் விடுகிற நூல் இருக்கிறதே, மெழுகும் புதினா வாசனையும் இல்லாத சாதா வகை, அதில் ஒரு முழம் வெட்டி இரண்டு கை விரல்களிலும் சுற்றிக்கொண்டேன். உறையின் ஒரு மூலையை மட்டும் மெல்லிய எஃகுத் தகட்டால் கொஞ்சம் தூக்கி, அந்த இடைவெளியில் நூலை நுழைத்து, ரம்பம் இழுப்பது போல இப்படியும் அப்படியுமாக மெதுவாக நகர்த்த வேண்டும். நூல் ஆல்பத்தின் அட்டையை ஒட்டியே போக வேண்டும், உறையின் பக்கம் ஏறக் கூடாது. அட்டை கிழிந்தால் கவலையில்லை, அது குப்பைக்குத்தான் போகப்போகிறது. ஒரு உறைக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் செய்யவில்லை. கை அலுத்தால் இழுப்பு வேகமாகிவிடும், அந்த நேரத்தில்தான் கிழியும்.

முதுகில் மிச்சமிருந்த பசையைக் கிரேப் ரப்பரால் உருட்டி உருட்டி எடுத்தேன். ஓவியர்கள் ரப்பர் பசையை எடுக்கப் பயன்படுத்தும் அந்தப் பழுப்புக் கட்டிதான். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்படியும் லேசான பிசுபிசுப்பு இருந்த உறைகளுக்கு நடுவே பேக்கரியில் தட்டில் விரிக்கிற பட்டர் பேப்பரை வைத்தேன், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. கரைப்பான் எதையும் தொடவில்லை. பேனா மையில் எழுதிய முகவரி, ரப்பர் முத்திரை, ஸ்டாம்பின் மை என்று மூன்று வகை மை ஒரே உறையில் இருக்கும்போது எது எதில் கரையும் என்று தெரியாமல் திரவம் எதையும் ஊற்றுவது நல்லதில்லை.

இந்த விஷயத்தில் ஒரு இழப்பை நானே உண்டாக்கினேன். போர்க்காலத்து உறை ஒன்றின் பின்னால் பழைய ஹின்ஜ் ஒன்று ஒட்டியிருந்தது. ஆல்பத்தில் ஸ்டாம்பு ஒட்ட அந்தக் காலத்தில் பயன்படுத்திய சின்னக் காகிதத் துண்டு அது. மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு ஹின்ஜை மட்டும் நனைத்தேன். அந்த இடத்துக்கு நேர் முன்பக்கத்தில் ஊதா நிறத்தில் தணிக்கை முத்திரை இருந்ததை நான் யோசிக்கவில்லை. உறை மெல்லிய விமானத் தபால் தாள். ஈரம் ஊடுருவி, முத்திரையின் கீழ் ஓரத்திலிருந்து ஊதா நிறம் நகக்கண் அளவுக்குப் பரவிவிட்டது. பழைய ஊதா ரப்பர் முத்திரை மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும், இது எனக்குத் தெரியாததும் இல்லை. உடனே ஒற்றுத்தாள் வைத்து அழுத்தினேன், அதற்கு மேல் பரவவில்லை. ஆனால் பரவியது பரவியதுதான். 1939 முதல் அந்தத் தீவுகளில் தணிக்கை அதிகாரிகள் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, பக்கவாட்டில் ஒரு பட்டை ஒட்டி, முத்திரை குத்தி அனுப்பினார்கள். அப்படியொரு முத்திரை எண்பது வருஷம் தாங்கிய பிறகு என் கையில் கெட்டுப்போனது எனக்கு இன்றும் வருத்தம். அந்த உறையின் குறிப்புத் தாளில் நடந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தில் ஈரம் வைப்பதில்லை. ஹின்ஜ் தானாக வராவிட்டால் அப்படியே விட்டுவிடுகிறேன். அது இருப்பதால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

கிழிந்திருந்த மூன்று உறைகளை மட்டும் சேர்த்தேன். கோதுமை ஸ்டார்ச்சை வடிகட்டிய தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, வலைத்துணியில் பிழிந்து எடுத்த பசை. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தேன். ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் சேர்த்த இடம் தடிப்பாகத் தெரியாது. பசை கிழிசலுக்கு மட்டும், அதுவும் கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில். மேலே ஒற்றுத்தாள், அதன் மேல் கண்ணாடித் துண்டு, அதற்கு மேல் கனமாக ஒரு அகராதி. மறுநாள் காலை வரை தொடவில்லை. செல்லோடேப் ஒட்டியிருந்த இரண்டு உறைகளை நான் எதுவும் செய்யவில்லை. அது காகிதத்துக்குள் இறங்கி மஞ்சளாகிவிட்டது. அதை எடுக்க நல்ல பயிற்சியுள்ள கை வேண்டும்.

அப்புறம்தான் உறைகளை ஊர்வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். சுவா 19. விமான நிலையம் இருக்கிற நாண்டி 5. லௌடோகா 4. லெவுகா 2. டவேயூனித் தீவிலிருந்து 1. ரொட்டுமாவிலிருந்து ஒரு தபால் அட்டை. மீதி 5 படிக்க முடியவில்லை.

சுவா முத்திரைகள் அதிகம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 1882 முதல் அதுதான் தலைநகரம், தலைமைத் தபால் நிலையமும் அங்கேதான். அந்த 19இல் பாதி, சேகரிப்பாளர்களுக்காகவே தயாரித்த முதல்நாள் உறைகள், அதாவது ஸ்டாம்பு வெளியான நாளிலேயே முத்திரை வாங்கியவை. எலிசபெத் ராணி 1953 டிசம்பரில் வந்தபோது வெளியிட்ட எட்டுப் பென்ஸ் ஸ்டாம்பு ஒட்டியது ஒன்று, அழகாக, முத்திரை நடு மையத்தில் துல்லியமாக. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றை நான் கடைசியில் வைக்கிறேன். யாரும் யாருக்கும் எதையும் சொல்லாத உறைகள் அவை. காலி உறையைக் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறார்கள்.

லெவுகா உறைகள் இரண்டுமே 1930களில் போனவை, சாதாரணக் கடை விலாசம். எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். ஒவலாவு என்கிற சின்னத் தீவில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர் அது. 1874 அக்டோபர் 10ஆம் தேதி தீவுகளை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்ததும் அங்கேதான், காலனியின் முதல் தலைநகரமும் அதுதான். அரசாங்கத் தபால் வருவதற்கு முன்பே, 1870இல், அங்கிருந்து வந்த ஃபிஜி டைம்ஸ் பத்திரிகை தன் சொந்த அச்சகத்தில் ஸ்டாம்பு அடித்துத் தபால் சேவை நடத்தியது. அடுத்த வருஷம் அரசர் தாக்கொம்பாவின் அரசாங்கம் அவருடைய பெயரின் சி, அரசர் என்று பொருள்படும் ரெக்ஸின் ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் போட்டு ஸ்டாம்பு வெளியிட்டது. 1874இல் அதன் மேலேயே விக்டோரியா ராணிக்காக வி, ஆர் என்று அச்சடித்தார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த மூன்று வகையும் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஃபிஜி டைம்ஸ் ஸ்டாம்புகளைப் போல அவ்வளவு போலி செய்யப்பட்டவை அந்தப் பகுதியில் குறைவு. நான் இதுவரை ஒன்றுகூட வாங்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் வாங்கவும் போவதில்லை.

ரொட்டுமா அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஃபிஜியின் மற்ற தீவுகளுக்கு வடக்கே, சில நூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. மக்களும் மொழியும் வேறு. 1881இல்தான் காலனியோடு சேர்ந்தது. அங்கே கப்பல் அடிக்கடி போகாது, அதனால் அந்தப் பெயர் உள்ள முத்திரைகள் குறைவு. என்னுடைய அட்டையில் வட்டத்தின் மேல் பாதி தெளிவு, கீழ்ப்பாதி வெறும் நிழல். அட்டையின் பின்பக்கம் ஆல்பத் தாளில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அட்டையின் மேல்தோல் உரிகிற மாதிரி இருந்ததால் நூலை நிறுத்திவிட்டேன்.

படிக்க முடியாத ஐந்தில் ஒன்று என்னை மூன்று வாரம் பிடித்து வைத்துக்கொண்டது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும்.

நீளமான பழுப்பு உறை, மலிவான காகிதம். வலது மூலையில் ஒன்றரைப் பென்ஸ் சிவப்பு ஸ்டாம்பு இரண்டு, பிரிக்காத ஜோடி. இரண்டின் மேலும் ஒவ்வொரு முத்திரை, இரண்டுமே அரைகுறை. ஒன்றில் இடப்பக்கம் மட்டும் அழுந்தியிருந்தது, இன்னொன்றில் நடுவும் மேலும். பேட்டில் மை வற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் தணிக்கைப் பட்டை. முகவரி ஆங்கிலத்தில், அதன் கீழே அதே பெயரும் ஊரும் தமிழில். வட ஆற்காடு ஜில்லா. பெயரை இங்கே எழுதவில்லை, அந்தக் குடும்பம் எங்கோ இருக்கலாம்.

தமிழ் எழுத்தைப் பார்த்தவுடன் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். தொடக்கத்தில் எல்லோரும் கல்கத்தா வழியாகப் போனவர்கள். சென்னையிலிருந்து கப்பல் புறப்பட ஆரம்பித்தது 1903இல். மொத்தத்தில் கால் பங்கு பேர் சென்னை வழியாகப் போனவர்கள், அவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. ஒப்பந்தத்தை அங்கே எல்லோரும் கிர்மிட் என்றார்கள், அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. 1920இல் அந்த ஒப்பந்தங்கள் ரத்தாகின. பெரும்பாலானவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இந்த உறை அதற்கெல்லாம் இருபது வருஷத்துக்குப் பிறகு எழுதியது. உள்ளே கடிதம் இல்லை.

சரி, எந்த ஊரிலிருந்து? எந்த வருஷம்?

வருஷத்துக்கான முதல் துப்பு ஸ்டாம்பிலேயே இருந்தது. ஆறாம் ஜார்ஜ் காலத்து இந்த ஒன்றரைப் பென்ஸ் ஸ்டாம்பில் படம் ஒரு பாய்மரத் தோணி. அதைத் தமகாவ் என்கிறார்கள், பக்கத்தில் மிதவைக் கட்டை வைத்த ஃபிஜித் தோணி. 1938இல் முதலில் வந்தபோது பாய் விம்மி நிற்கிறது, தோணி அலையைக் கிழித்துப் போகிறது, உள்ளே யாருமே இல்லை! ஓட்ட ஆளில்லாமல் ஒரு தோணி எப்படி அந்த வேகத்தில் போகும்? 1940 அக்டோபரில் தகட்டைத் திருத்தி ஒரு ஆளை உட்காரவைத்து மறுபடி அச்சடித்தார்கள். அதே வரிசையில் தீவுகளின் வரைபடம் போட்ட ஸ்டாம்பிலும் ஒரு திருத்தம் நடந்தது. டவேயூனித் தீவின் மேலேயே ஓடுகிற 180 பாகைத் தீர்க்கரேகையை வரைந்துவிட்டு 180 என்ற எண்ணைப் போடாமல் விட்டுவிட்டார்கள், பிறகு சேர்த்தார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். என் ஜோடியில் இரண்டு தோணியிலும் ஆள் இருந்தார், எறும்பளவு. ஆக, 1940 அக்டோபருக்கு முன்னால் இந்த உறை போயிருக்க முடியாது. தணிக்கைப் பட்டை இருப்பதால் போர் முடிந்த பிறகும் இல்லை.

ஸ்டாம்பின் ஓரத்துப் பல் எண்ணிக்கையையும் அளந்தேன். ஸ்டாம்பு உறையில் இருக்கும்போதே கண்ணாடித் தாளில் அச்சடித்த கேஜை மேலே வைத்துப் பார்க்கலாம், கழற்ற வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டருக்குள் 12½ பல். ஆள் உள்ள இந்த ஸ்டாம்பு 14 பல்லோடு 1942இல் வந்தது. பழைய இருப்பை அதற்குப் பிறகும் யாராவது ஒட்டியிருக்கலாம், அதனால் இது முடிவான சாட்சி இல்லை. ஆனாலும் 1941 பக்கம் சாய்த்தது.

ஊர்ப்பெயருக்கு ஸ்கேனர்தான் கை கொடுத்தது. இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். உறையை 1200 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில் ஸ்கேன் செய்தேன். நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஜேபெக் ஆக இல்லாமல் டிஃப் ஆகச் சேமித்தேன். கிம்ப் மென்பொருளில் அந்தப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் படங்களாகப் பிரித்தேன். நீலப் படத்தில் ஸ்டாம்பு கன்னங்கரேலென்று இருந்தது, முத்திரை இருந்த இடமே தெரியவில்லை. சிவப்புப் படத்தைத் திறந்தேன். சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் ஸ்டாம்பு முழுக்க வெளிறிப்போய், காகிதம் போலவே ஆகிவிட்டது. தோணி, பாய், அரசரின் தலை எல்லாம் மங்கல். அவற்றுக்கு நடுவே முத்திரையின் கறுப்பு மட்டும் தனியாக நின்றது. வெறும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்தும் வட்டத்தின் முழு வளைவும் அதில் தெரிந்தன. இது சிவப்பு ஸ்டாம்புக்கு நடக்கும். பச்சை ஸ்டாம்பாக இருந்தால் பச்சைப் படத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு ஸ்டாம்பின் மேல் கறுப்பு முத்திரை என்றால் இந்த வழி உதவாது, பக்கவாட்டில் விளக்கு வைத்து அழுத்தத்தின் பள்ளத்தைத் தேட வேண்டியதுதான்.

இரண்டு முத்திரையும் ஒரே கட்டையால் போட்டவை என்பதால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒன்றை அரை ஒளிபுகும் அடுக்காக்கி மற்றதன் மேல் வைத்து, வெளி வட்டம் பொருந்தும் வரை திருப்பினேன். ஏறக்குறைய முப்பத்தைந்து பாகை திருப்பியதும் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. கீழே நாட்டின் பெயர் வந்தது, அது ஏற்கெனவே தெரிந்தது. மேலே, இடப்பக்கத்தில் எல், அடுத்தது ஏ ஆக இருக்கலாம். நடுவில் எம், பி. அப்புறம் ஒரு இடைவெளி, எஸ், மறுபடி ஒரு ஏ.

லம்பாசா.

இந்த எழுத்துக்கூட்டல் புரிய ஃபிஜி மொழியின் எழுத்து முறை கொஞ்சம் தெரிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் அந்த மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தபோது, அங்கே பி எப்போதும் 'ம்ப' என்றும், டி எப்போதும் 'ந்த' அல்லது 'ண்ட' என்றும்தான் ஒலிப்பதைக் கவனித்தார்கள். முன்னால் வருகிற ம் ஒலிக்கும் ந் ஒலிக்கும் தனி எழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதேபோல ஜி என்றால் 'ங்', சி என்றால் 'த'. அதனால்தான் ஆங்கிலத்தில் ககோபாவு போலப் படிக்கத் தோன்றும் பெயர் தாக்கொம்பாவ் ஆகிறது, நாடி என்று எழுதிய ஊர் நாண்டி ஆகிறது, சிகடோகா சிங்கடோகா ஆகிறது. நமக்கு இது புதிதே இல்லை. எழுத்து ஒன்று, பக்கத்தில் வருவதைப் பொறுத்து ஒலி வேறு என்று பழகிய வாய்தானே நமக்கு. காலனி காலத்து ஆங்கிலேயர்களுக்கு அது குழப்பம். அவர்கள் காதில் விழுந்தபடி ம், ந், ங் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டல் முத்திரைக் கட்டைகளிலும் ஏறிவிட்டது. இன்றைய வரைபடத்தில் லபாசா என்று தேடினால்தான் கிடைக்கும். பழைய முத்திரையில் எம் இருக்கும். தபால் நிலையங்களின் பட்டியலில் ஊரைத் தேடும்போது இரண்டு விதமாகவும் தேடுங்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு தபால் நிலையமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நானும் முதலில் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

லம்பாசா இருப்பது வனுவா லெவுவில், ஃபிஜியின் இரண்டாவது பெரிய தீவு அது. ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி 1894இல் அங்கே சர்க்கரை ஆலையைத் தொடங்கியது. ஆற்றோரம் ஆலை, வயல்களிலிருந்து கரும்பு ஏற்றிவர டிராம் தண்டவாளம், சுற்றிலும் குத்தகை நிலத்தில் கரும்பு போட்ட இந்தியக் குடும்பங்கள். வட ஆற்காட்டுக்குப் போகும் கடிதம் அந்த ஊரில் புறப்பட்டது என்றால் அது ஊரோடு பொருந்திப்போகிற விஷயம்.

தேதியின் வருஷ எண்ணில் 4 தெளிவு, அடுத்த இலக்கம் கரைந்துபோய் ஒரு செங்குத்துக் கோடு மாதிரி இருந்தது. அது 1 ஆகவும் இருக்கலாம், 4இன் தண்டாகவும் இருக்கலாம். உறையைத் திருப்பினேன். பின்பக்கம் ஆல்பப் பசைக் கோட்டுக்கு அடியில் நம் ஊர் வந்துசேர்ந்த முத்திரை இருந்தது. அந்த இடத்தில் கிரேப் ரப்பரை ஓட்ட நான் பயந்து விட்டு வைத்திருந்தேன். இப்போது லென்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ரப்பரின் முனையைக் கூராக வெட்டி, அரிசி அரிசியாகப் பசையை எடுத்தேன். முக்கால் மணி நேரம். 41 என்று வந்தது. ஜூலை. முன்பக்கத்தில் மாதம் மே. ஆக, இரண்டு மாதம் போலக் கடலில் சுற்றி, வழியில் யாரோ பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி, வந்துசேர்ந்திருக்கிறது. பசிபிக்கில் போர் வெடித்தது அந்த வருஷம் டிசம்பரில். இந்த உறை அதற்கு ஐந்து மாதம் முன்னால் தப்பித்துவிட்டது.

மீதி நான்கில் ஒன்று சிங்கடோகா என்று தெரிந்தது, அதுவும் சிவப்புப் படத்தில்தான். இன்னொன்று நவுசோரி மாதிரி இருக்கிறது, நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு எழுத்து இல்லை, அதனால் பென்சிலில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இரண்டைக் கைவிட்டேன்.

பக்கம் அமைக்கும் வேலை அக்டோபரில். அமிலமில்லாத 160 கிராம் தாள், ஒவ்வொரு உறைக்கும் பாலியஸ்டர் உறைத்தாள். பிவிசி வேண்டவே வேண்டாம், அது காலப்போக்கில் எண்ணெய் விட்டுக் காகிதத்தில் இறங்கும். புது ஷவர் திரை வாசனை வந்தால் அந்த உறைத்தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேமினேஷன் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். செய்தால் அத்தோடு அந்த உறையின் கதை முடிந்தது. மூலைகளில் போட்டோ முக்கோணம் வைத்து நிறுத்தினேன், உறையில் எந்தப் பசையும் படவில்லை. விவரங்களை 2பி பென்சிலில் தாளில்தான் எழுதுகிறேன், உறையில் இல்லை.

சென்னையில் மழைக்காலத்தில் காகிதத்துக்குப் பூஞ்சை பிடிக்க இரண்டு வாரம் போதும். ஆல்பங்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கிறேன், பக்கங்களுக்கு நடுவே காற்று போக. இரும்பு அலமாரி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. உள்ளே சிலிக்கா ஜெல் டப்பாவும் 400 ரூபாய்க்கு வாங்கிய ஈரமானியும். 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை எடுத்து வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்து நீலமாக்கித் திரும்ப வைக்கிறேன். அந்த வாணலியைச் சமையலுக்கு மறுபடி எடுப்பதில்லை. நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஐந்து நாள் விடாமல் பெய்தபோது மூன்று முறை வறுக்க வேண்டியிருந்தது.

லம்பாசா உறை முதல் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சிவப்புப் படத்தின் அச்சுப்பிரதி, முத்திரை மட்டும் தெரிகிற மாதிரி. உறையைப் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்பதால் அந்தத் தாளில் சாளரம் வெட்டியிருக்கிறேன். ரொட்டுமா அட்டை இன்னும் பழைய ஆல்பத் தாளோடு, பட்டர் பேப்பருக்கு நடுவே, அலமாரியின் மேல் தட்டில் காத்திருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்த பிறகு, பிப்ரவரியில் நூலை எடுப்பேன்.